மண்ட்டோவின் பிரிவினைக் கதைகளும் இளிவரல் மெய்ப்பாடும்

உருதுச் சிறுகதையாசிரியர் சாதத் ஹசன் மண்ட்டோ (1912-1955) தமிழ் வாசகர்க்குப் புதியவர் அல்லர். அவருடைய கதைகள் பல தமிழாக்கம் பெற்றுள்ளன. இந்தியப் பிரிவினை இலக்கியம் குறித்த பேச்சு எழும் இடமெல்லாம் அவர் பெயரும் எழுகிறது. எனினும் அவரை அறிமுகப்படுத்துவோர் கையாளும் வாய்பாடு ஒன்று உண்டு. பிரிவினையைக் கண்டார், பம்பாயை இழந்தார், குடியில் வீழ்ந்தார், மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், நாற்பத்திரண்டாம் வயதில் இறந்தார், ஆகவே அத்தகைய கதைகளை எழுதினார் என்பது அவ்வாய்பாடு. இதிலுள்ள ‘ஆகவே’ என்னும் சொல் தன் தகுதிக்கு மீறிய சுமையைத் தாங்குகிறது. மனம் கலங்கச் செய்யும் கதையை எழுதியவர்க்கு அது ஒரு மன்னிப்புச் சீட்டை வழங்குகிறது. அல்லது கதையை எழுதியவரின் நோய்க்குறிப்பாக மாற்றிவிடுகிறது. இரண்டிலும் கதை வாசிக்கப்படுவதில்லை. முதலாவது இரக்கம், இரண்டாவது ஆய்வு என்னும் தோற்றம் கொண்டிருத்தலால் இவ்விரண்டும் மதிப்பு எனப் பிறழ உணரப்படுகின்றன.

படைப்பாளியின் உளக்காயத்திலிருந்து பிறந்த படைப்பை மதித்தல் என்பது யாது? அக்காயம் படைப்பினுள் எவ்விடத்தில் நிற்கிறது, கதை சொல்பவனை எங்கே நிறுத்துகிறது, எதனைக் காணச் செய்கிறது, எதனைக் காணாது விடச் செய்கிறது என்று வினவுவதே அதற்குரிய வழியாகும். மண்ட்டோவின் பிரிவினைக் கதைகள் சிலவற்றை முன்வைத்து இவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

தன்கண் தோன்றியதும் பிறன்கண் தோன்றியதும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக இளிவரலைக் கூறுகிறது. வடமொழிச் சுவைக் கோட்பாட்டின் பீபற்சத்தோடு இதனை ஒப்பிட்டு ‘அருவருப்பு’ எனப் பொருள் கொள்ளும் வழக்கம் பாடநூல்களில் உண்டு. ஆயின் தொல்காப்பியர் இளிவரலுக்குக் கூறும் நிலைக்களன்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன. இவற்றுள் அருவருக்கத்தக்க பொருள் எதுவும் இல்லை. நான்கும் மனிதர்க்கு நேரும் நிலைகள். ஒருவர் தம் நிலையினின்று தாழ்வதைக் காணும்போது தோன்றும் உணர்வே இளிவரல். மண்ட்டோவின் கதைகளை ‘அருவருப்பூட்டுவன’ என்று விலக்கியோரும் ‘அருவருப்பை அஞ்சாது எழுதினார்’ என்று புகழ்ந்தோரும் பீபற்சத்தின் பக்கமே நின்றனர். அக்கதைகளுக்கு நெருக்கமானது இளிவரலே எனலாம்.

உரையாசிரியர்கள் செய்யும் பிறிதொரு பகுப்பும் இங்குப் பயன்படும். மெய்ப்பாட்டின் நிலைக்களன்களைத் தன்கண் தோன்றுவன எனவும் பிறன்கண் தோன்றுவன எனவும் அவர்கள் பிரித்துக் காட்டுவர். எளிதாகத் தோன்றும் இப்பகுப்பு, உளக்காயத்தின் இலக்கியத்தைப் பேசும்போது கூர்மை பெறுகிறது. பிரிவினையின்போது மண்ட்டோவின் உடலில் எவரும் கை வைக்கவில்லை. அவருடைய கதைகளில் சிதைக்கப்படும் உடல்களோ பிறருடையவை, பெரும்பாலும் பெண்களுடையவை. அவ்வாறாயின் ‘மண்ட்டோவின் காயம்’ என்று எதனைச் சுட்டுவது? பிறன்கண் தோன்றியதைத் தன்கண் தோன்றியதாக அவர் எடுத்துக்கொண்டார் என்றால், அது அவர்க்கு உரியதாகுமா? வாழ்க்கை வரலாற்று வாய்பாடு இவ்வினாவை எழுப்புவதே இல்லை.

நண்பனின் விடை

மண்ட்டோவின் உளக்காயத்தைப் பிரிவினை என்ற பொதுச்சொல்லால் குறிப்பதைவிட, அவரே எழுதிவைத்துள்ள ஒரு நிகழ்ச்சியால் குறிப்பது பொருத்தமாகும். பம்பாய்த் திரையுலகில் அவர்க்கு மிக நெருங்கிய நண்பர் நடிகர் ஷியாம். மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியக் குடும்பம் ஒன்று தமக்கு நேர்ந்த கொடுமைகளைச் சொல்ல, ஷியாம் கேட்டுக்கொண்டிருந்தார். உடன் மண்ட்டோவும் இருந்தார். பின்னர், தாம் ஒரு முஸ்லிம் ஆதலால் தம்மைக் கொல்ல நண்பர்க்குத் தோன்றவில்லையா என்று மண்ட்டோ வினவினார். இப்போது தோன்றவில்லை, ஆனால் அவர்கள் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தபோது கொன்றிருக்கக்கூடும் என்ற பொருள்பட ஷியாம் விடையளித்தார். ஷியாம் குறித்த நினைவுச் சித்திரத்தில் மண்ட்டோ இதனைப் பதிவு செய்துள்ளார். பம்பாய் டாக்கீஸ் நிறுவனத்திற்கு முஸ்லிம்களை நீக்கக் கோரும் மிரட்டல் கடிதங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. 1948 ஜனவரியில் அவர் கப்பலேறிக் கராச்சி வழியாக லாகூர் சென்றார். ‘சஹாய்’ என்னும் கதை இந்நிகழ்ச்சியை ஏறக்குறைய அப்படியே தன்னுள் கொண்டுள்ளது.

இவ்விடையில் இருவகை அதிர்ச்சி உண்டு. தான் கொல்லப்படக்கூடும் என்பது ஒன்று. அன்புடைய, பண்புடைய, பொய்யற்ற ஒருவன் கொல்லக்கூடும் என்பது மற்றொன்று. பின்னதே மண்ட்டோவை விடாது பற்றியது என்பதற்கு அவர் கதைகளின் அமைப்பே சான்று. கொலையுண்டவனின் கண்ணிலிருந்து கதை சொல்வது துயர இலக்கியத்தின் இயல்பான வழி. மண்ட்டோவின் மிகக் கடுமையான கதைகளோ கொன்றவனுக்கு அருகில் சென்று அமர்கின்றன.

‘தண்டா கோஷ்த்’ (குளிர்ந்த இறைச்சி) இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. லாகூர் சென்றபின் சில மாதங்கள் எழுத இயலாதிருந்ததை மண்ட்டோ அக்கதைத் தொகுப்பின் முன்னுரையில் கூறியுள்ளார். அந்த முடக்கத்திற்குப் பின் எழுந்த இக்கதை 1949 மார்ச்சில் ‘ஜாவீத்’ இதழில் வெளியாயிற்று. கொள்ளையிடச் சென்ற ஈஷர் சிங் ஒரு வீட்டில் அறுவரைக் கொன்று, அழகிய பெண்ணொருத்தியைத் தோளில் தூக்கிச் செல்கிறான். அவள் முன்பே இறந்துபோனவள் என்பதைப் பின்னரே உணர்கிறான். அதன்பின் அவன் உடல் தன் ஆண்மையை இழக்கிறது. தன் காதலி குல்வந்த் கௌரால் கிர்பானால் வெட்டுண்டு குருதி சிந்தியவாறு இதனைச் சொல்லி முடித்து, அவனும் குளிர்ந்து போகிறான். அறுவரைக் கொன்றபோது அவனிடம் நேராத ஒன்று, ஏழாவது உடலைத் தொட்டபோது நேர்கிறது. குற்றத்தை அவன் அறிவு உணர்வதற்குமுன் உடல் உணர்ந்துவிட்டது. மனிதத்தன்மை எவ்வளவு கீழே சென்று மறைந்திருந்தது என்பதை இக்கதை அளந்து காட்டுகிறது. கதையின் பாலியல் வெளிப்படைத்தன்மை முழுவதும் இவ்வளவையின் பொருட்டே அமைந்தது; முற்பகுதியின் வெம்மை குறைக்கப்படின் பிற்பகுதியின் குளிர்ச்சிக்குப் பொருளில்லை.

இக்கதையின் மீது தொடரப்பட்ட ஆபாச வழக்கு நன்கறியப்பட்டது. கீழ்நீதிமன்றம் மூன்று மாதக் கடுங்காவலும் 300 ரூபாய் தண்டமும் விதித்தது. மேல்முறையீட்டில் விடுதலை கிடைத்தது. அரசு மீண்டும் முறையிட, உயர்நீதிமன்றம் கதை ஆபாசமானதே என்று கூறி 300 ரூபாய் தண்டத்தை விதித்தது. வழக்கினும் சிந்திக்கத்தக்கது, எதிர்தரப்புக்காகச் சான்றளித்த கவிஞர் ஃபைஸ் அஹ்மத் ஃபைஸின் கூற்று. கதை ஆபாசமானது அன்று, எனினும் உயர்ந்த இலக்கியத்தின் தேவைகளை நிறைவு செய்வதும் அன்று, வாழ்வின் அடிப்படைச் சிக்கல்களை அது ஆராயவில்லை என்பது அவர் கருத்து. நண்பனைச் சிறையினின்று காக்கச் சொன்ன சொல்லும் இதுவே, கதையைத் தாழ்த்திய சொல்லும் இதுவே. ஃபைஸ் எதிர்பார்த்த ஆராய்ச்சி கதைமாந்தர் சிந்தனையிலோ ஆசிரியர் கூற்றிலோ இருந்திருக்க வேண்டும். மண்ட்டோ அதனை ஒரு மனிதனின் உடற்செயலில் வைத்தார். அகத்தின் நிலையை மெய்யின்கண் தோன்றும் குறியால் அறியும் மரபுடைய தமிழ் வாசகர்க்கு இது புரியாத முறை ஆகாது.

ஐந்து அல்லது ஆறு வரிகள்

1948-இல் வெளிவந்த ‘சியாஹ் ஹாஷியே’ (கருப்பு ஓரங்கள்) 32 சிறு துணுக்குகளால் ஆனது. சில இரண்டு வரிகளில் முடிந்துவிடுகின்றன. கலவரத்தை நகைத்துணுக்காக்கினார் என்று முற்போக்கு எழுத்தாளர்களில் ஒரு சாரார் அவர்மேல் சினந்தனர். அச்சினத்தைப் புறக்கணிக்க இயலாது. படிப்பவர் சில இடங்களில் நகைக்கவே செய்கிறார், நகைத்தபின் நாணுகிறார். ‘ஜெல்லி’ என்னும் துணுக்கில் பனிக்கட்டி விற்பவன் தெருவில் குத்திக் கொல்லப்படுகிறான். உருகும் பனிக்கட்டியின் நீரும் உறைந்த குருதியும் கலந்து கிடக்கின்றன. வண்டியில் தாயோடு செல்லும் குழந்தை அதனைக் கண்டு, தான் அறிந்த தின்பண்டத்தின் பெயரைச் சொல்கிறது. அவ்வளவே. இரங்கற்சொல் ஒன்றும் இல்லை.

1919 ஏப்ரலில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தபோது அமிர்தசரஸில் வளர்ந்துகொண்டிருந்த மண்ட்டோவுக்கு ஏழு வயது நிறையவில்லை. அவருடைய முதற்கதையாகிய ‘தமாஷா’ அந்நாள்களை ஒரு சிறுவனின் கண்ணால் காண்கிறது. இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் குருதியைப் பார்க்க ஒரு குழந்தையையே அவர் அழைத்துவருகிறார். ஆனால் ‘தமாஷா’வின் சிறுவன் அஞ்சினான், வினவினான். ‘ஜெல்லி’யின் குழந்தை அஞ்சவில்லை. அச்சத்திற்குரியதை அச்சம் இன்றிக் காணும் கண் உருவாகிவிட்டது என்பதே துணுக்கின் செய்தி. இவ்விரு குழந்தைகளையும் அருகருகே வைத்துக் காணும்போதுதான் வாழ்க்கை வரலாறு திறனாய்வுக்கு உதவுகிறது. குடியும் வறுமையும் பற்றிய பட்டியல் இவ்வுதவியைச் செய்வதில்லை.

தமிழில் இதற்கு ஒத்த, மிகப் பழைய வழக்கு ஒன்று உண்டு. புறநானூற்றின் 74-ஆம் பாடல் சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியது. சோழன் செங்கணானிடம் சிறைப்பட்டுக் குடவாயிற் கோட்டத்தில் கிடந்தபோது நீர் கேட்டுப் பெறாது, பின் பெற்றும் உண்ணாது, இப்பாட்டைச் சொல்லி இறந்தான் என்பது அடிக்குறிப்பின் செய்தி. பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனை மீட்டார் என்னும் செய்தியும் வழங்குகிறது. இரண்டும் ஒருங்கே உண்மையாதல் அரிது என்பதை ஆய்வாளர் அறிவர். ஆயினும் பாட்டின் மதிப்பு இதனால் குறைந்ததில்லை. பாடியவன் உண்மையிலேயே இறந்தானா என்னும் சான்று கிட்டும்வரை பாட்டை மதிக்கக் காத்திருப்போர் எவரும் இல்லை. தாழ்வுற்ற தன்னிலையைத் தானே நோக்கும் குரல் பாட்டினுள்ளேயே முழுமையாக உள்ளது. அடிக்குறிப்பு, அக்குரலை எத்திசையிலிருந்து கேட்க வேண்டும் என்று மட்டுமே காட்டுகிறது. உளக்காய இலக்கியத்தில் வாழ்க்கைச் செய்திக்கு உரிய இடம் இந்த அடிக்குறிப்பின் இடமே.

‘டோபா டேக் சிங்’ கதைக்கும் இது பொருந்தும். 1950களின் தொடக்கத்தில் மண்ட்டோ குடிநோய் மருத்துவத்திற்காக லாகூர் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் என்பது மெய். 1950-இல் இந்தியாவும் பாகிஸ்தானும் மனநோயாளிகளைப் பரிமாறிக்கொண்டன என்பதும் வரலாறு. இரண்டையும் கூட்டினால் கதை கிடைத்துவிடாது. பதினைந்து ஆண்டுகள் உட்காராமல் நின்ற பிஷன் சிங், இரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட பெயரற்ற நிலத்தில் முதன்முறையாக விழுகிறான். அவன் ஓயாது முணுமுணுக்கும் சொற்கோவை பஞ்சாபி, உருது, ஆங்கிலச் சொற்களின் பொருளற்ற சேர்க்கை. கதை நடக்க நடக்க அதனுள் நாட்டின் பெயர் நுழைகிறது, ஊரின் பெயர் நுழைகிறது. மனநோயின் மொழி எனத் தோன்றுவது, அரசாணையின் மொழியை உள்வாங்கித் திருப்பிக் கூறும் மொழியாக மாறுகிறது. பிரிவினைக் கதைகளுள் இதுவே தொகுப்பாளர்க்கும் பாடத்திட்டக் குழுவினர்க்கும் பாதுகாப்பானது. சிறந்த கதை என்பதில் ஐயமில்லை. எனினும் மண்ட்டோவை மதிப்பதாகக் கூறி இவ்வொரு கதையோடு நின்றுவிடுவது, அவர் காயத்தை அது வலிக்காத இடத்தில் தொட்டுப் பார்ப்பது போன்றதே.

திறத்தலும் அவிழ்த்தலும்

வலிக்கும் இடம் ‘கோல் தோ’. 1948-இல் ‘நுகூஷ்’ இதழில் வெளிவந்த இச்சிறு கதைக்காக அவ்விதழ் ஆறு மாதம் தடை செய்யப்பட்டது. அமிர்தசரஸிலிருந்து தப்பி வரும் வழியில் முதியவர் சிராஜுத்தீன் தம் மகள் சகீனாவைத் தவறவிடுகிறார். அவளுடைய துப்பட்டா மட்டும் அவர் சட்டைப்பையில் எஞ்சியுள்ளது. தொண்டர்களாகிய எட்டு இளைஞர்கள் அவளைத் தேடித் தருவதாக வாக்களிக்கின்றனர், கண்டும் பிடிக்கின்றனர், துப்பட்டா இன்றிக் கூசும் அவளுக்கு ஒருவன் தன் மேற்சட்டையைத் தருகிறான். பின்னர் நடந்தது எதுவும் கதையில் இல்லை. உயிரற்றவள் போல் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் அவள் அருகில் நின்று, மருத்துவர் சன்னலைத் திறக்குமாறு தந்தையிடம் சொல்கிறார். அச்சொல்லைக் கேட்ட சகீனாவின் கை அசைந்து தன் உடையின் முடிச்சை அவிழ்த்துக் கீழிறக்குகிறது. மகள் உயிரோடிருக்கிறாள் என்று தந்தை மகிழ்ந்து கூவுகிறார். மருத்துவர்க்கு உடல் முழுதும் வியர்க்கிறது. மீட்க வந்தோர் அவள் சமயத்தவரே என்பதுதான் அரசுக்குப் பொறுக்கலாகாததாக இருந்தது எனக் கருத இடமுண்டு.

கதை முழுவதும் ஒரு வினைச்சொல்லின் மீது நிற்கிறது. உருது மொழியில் ‘கோல்னா’ என்னும் வினை சன்னலைத் திறப்பதற்கும் முடிச்சை அவிழ்ப்பதற்கும் பொதுவானது. மருத்துவர் ஒரு பொருளில் சொன்ன ஏவலை அவள் உடல் மற்றொரு பொருளில் கேட்கிறது. அவ்வேவலை அவள் எத்தனை முறை, எவர் எவரிடமிருந்து கேட்டிருப்பாள் என்பது கூறப்படாமலே விளங்குகிறது. தமிழிலோ சன்னலைத் திறக்கலாம், முடிச்சை அவிழ்க்கவே வேண்டும். ஒன்றற்குரிய வினை மற்றதற்கு வாராது. ‘திற’ என்று மொழிபெயர்த்தால் தமிழ்ச் சகீனாவின் கை ஏன் அசைந்தது என்பதை வாசகர் கதைப்போக்கிலிருந்து உய்த்துணர்கிறார். அச்சொல்லிலிருந்து நேரே உணர்வதில்லை. ஒரு நொடி தாமதமாகிறது. அந்நொடியில் இளிவரல் தளர்ந்து இரக்கமாகிவிடுகிறது. ‘விலக்கு’ என்னும் வினை திரைச்சீலைக்கும் ஆடைக்கும் பொருந்தும் எனினும், சன்னல் திரையாகும்போது புழுங்கும் அறைக்குள் காற்றும் ஒளியும் புக வேண்டும் என்னும் மருத்துவரின் எளிய நோக்கம் குன்றிவிடும். மொழிபெயர்ப்பாளர் திறமையை ஐயுறுவதற்காக இது கூறப்படவில்லை. உளக்காயம் எவ்வளவு சிறிய இடத்தில், ஒரு மொழியின் ஒரு சொல்லின் இருபொருளில், தங்கியிருக்கிறது என்பதை இவ்விடர்ப்பாடு காட்டுகிறது. எழுதியவரின் துன்ப வரலாற்றை எவ்வளவு விரித்தாலும் இச்சொல்லுக்கு ஈடாகாது.

இனி, முன்னர் எழுப்பிய வினாவுக்கு வருதல் வேண்டும். சகீனாவின் காயம் யாருடையது? கதையில் அவளுக்கு எண்ணம் இல்லை. இறுதியில் சொல்லும் இல்லை. தந்தை மகிழ்கிறார், மருத்துவர் வியர்க்கிறார். அவள் கை மட்டும் அசைகிறது. ஈஷர் சிங் தூக்கிச் சென்ற பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. மண்ட்டோவின் அதிர்ச்சி, கொல்லக்கூடியவனைத் தன் நண்பனில் கண்டதில் தொடங்கியது என்றால், அவர் கதைகளின் ஒளி ஆடவரின் குற்றவுணர்வின் மீது விழுவதும் பெண்ணின் உட்புறம் இருளில் இருப்பதும் அதன் விளைவே ஆகலாம். 1998-இல் ஊர்வசி புடாலியாவின் நூலும், ரிது மேனன், கம்லா பசின் இருவரின் நூலும் வெளிவந்தபின் இக்குறை மேலும் தெளிவாகத் தெரிகிறது. கடத்தப்பட்டு, மீட்கப்பட்டு, சிலர் தம் விருப்பத்திற்கு மாறாகவும் எல்லை கடத்தி அனுப்பப்பட்டு, அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்த பெண்களின் கூற்றுகள் அவற்றில் உள்ளன. 1949-ஆம் ஆண்டின் கடத்தப்பட்டோர் மீட்புச் சட்டம் அப்பெண்களின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்று கருதவில்லை. அவர்களுக்கு மறுநாள் என்ற ஒன்று இருந்தது. அம்மறுநாள் மண்ட்டோவின் சகீனாவுக்கு இல்லை.

இதனைச் சுட்டுவது மண்ட்டோவின் மதிப்பைக் குறைப்பதாகாது. துன்புற்றவன் எழுதியது ஆதலால் வினவாது ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அவரைக் குழந்தையாக நடத்துவது. தம்மேல் வழக்குத் தொடுத்தோரிடமும் குறை கண்ட நண்பர்களிடமும் கட்டுரை கட்டுரையாக வாதிட்டவர் அவர். எதிர்வாதத்துக்கு உரியவராகவே தம்மைக் கருதினார். 2012-இல் பாகிஸ்தான் அரசு அவர்க்கு நிஷான்-ஏ-இம்தியாஸ் விருதை அளித்தது. தண்டம் விதித்த கதைகளைப் படித்து மனம் மாறியதால் அளித்ததா, படிக்கத் தேவையில்லாத அளவு காலம் கடந்துவிட்டதால் அளித்ததா என்பது விருதுப் பட்டயத்தால் அறியக்கூடியதன்று.

சகீனாவின் மௌனத்தைக் குறையென்று கொண்டாலும், அம்மௌனத்தை மண்ட்டோ தம் சொல்லால் நிரப்பவில்லை என்பதையும் உடன் கொள்ள வேண்டும். அவள் என்ன நினைத்தாள் என்று எழுத ஒரு வரி போதும், அவ்வரி எழுதப்படவில்லை. பிறன்கண் தோன்றியதைத் தன்கண் தோன்றியது போல எழுதிக்காட்ட வல்ல கை அங்கே நின்றுவிடுகிறது. தந்தையின் கூவலுக்குப்பின் கதையில் ஒரே ஒரு தொடர்தான் உள்ளது. மருத்துவரின் வியர்வை பற்றிய அத்தொடரில் சகீனா இல்லை.